மறு: ‘ஸ்லாட்டர்’, ‘பட்சர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தார்க்கு டர்பனிலிருந்து வணக்கம். ‘ஸ்லாட்டர்’ (slaughter, இறைச்சிக்காக விலங்கின் உயிரை எடுப்பது), ‘பட்சர்’ (butcher, அதைக் கறியாக வெட்டுவது) என்ற ஆங்கிலச் சொற்களுக்கு நம் அறிவிப்பில் எந்தத் தமிழ்ச் சொல் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘விலங்குக்கொலை’ என்றே போட்டுவிடலாமே. பொருள் தெளிவாக இருக்கிறது.

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. நாம் தமிழில் எழுதுவது கோயிலில் ஒட்டப்போகும் அறிவிப்பு. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு இறைச்சிப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக அனுமதி பெற்ற கூடத்தில்தான் அறுக்கச் சொல்கிறது. சொந்தச் சாப்பாட்டுக்கும் சமய, பண்பாட்டுச் சடங்குகளுக்கும் 7-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அந்தக் கறியை விற்கக் கூடாது, அவ்வளவுதான். அங்கே போய் ‘சமயத்துக்காக விலங்குக்கொலை’ என்று எழுதினால், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிச் சேவல் கொடுக்கிறவர்களைக் கொலைகாரர்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எங்கள் ஆயா, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த வீட்டுக் கொல்லையில் சேவலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு அசையாமல் நிற்பார். அது தலையைச் சிலுப்பிய பிறகுதான் கத்தி வரும். சிலுப்பாவிட்டால் இன்னொரு கை தண்ணீர். ‘கோழி அறுக்கணும்’ என்பார். விருந்தாளி வந்தால் ‘கோழி அடிச்சுக் குழம்பு வை’ என்பார். கொல்வது என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

> அப்படியானால் ‘பலி’ போதுமே?

அம்மா, பலி என்பது படையல். கூடத்தில் ஒரு நாளைக்கு வரிசையாக அறுபடும் மாடுகள் யாருக்குப் படையல்? தவிர, ‘விபத்தில் ஐவர் பலி’ என்று நாளேடுகள் எழுதி எழுதி அந்தச் சொல்லில் சாமியே இல்லாமல் போய்விட்டது. ‘காவு’ கதையும் அதுதான். இப்போது சாலைப் பள்ளம்கூட உயிரைக் காவு வாங்குகிறது.

அதனால் ‘அறுப்பு’ என்றே வைக்கலாம் என்பது என் கருத்து. கிடாவெட்டில் ஒரே வீச்சு, அறுப்பில் கழுத்தை அறுத்து இரத்தத்தை வடிப்பது, இரண்டும் வேறு என்று சிலர் சொல்வீர்கள். சரிதான். கிடாவெட்டு அந்தச் சடங்கின் பெயராக அப்படியே இருக்கட்டும். எல்லா முறைக்கும் பொதுத் தலைப்பு வேண்டும்போது, இசுலாமியர் வீட்டிலும் நம் வீட்டிலும் கறிக்கடையிலும் ஒன்றுபோலப் புழங்குவது ‘அறு’தான். கதிர் அறுக்கிறோம் என்பதும் அதே சொல்தான் என்பதால் அதில் குற்றத்தின் வாடை இல்லை. ‘அறுவை’ மட்டும் வேண்டாம். அது மருத்துவமனைக்கும் சலிப்பூட்டும் பேச்சுக்கும் போய்விட்டது.

‘பட்சர்’ வேறு வேலை. உயிர் போன பிறகு தோலுரித்து, எலும்பைத் தட்டி, கறியாக்குவது. அதற்கு ‘கூறுபோடு’ என்ற சொல் கையிலேயே இருக்கிறது. பூசை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு ஒரு கூறு, அத்தை வீட்டுக்கு ஒரு கூறு என்று ஆயா வாழையிலையில் வைத்துக் கொடுத்ததும் அதுதான். ‘நாட்டைக் கூறுபோட்டார்கள்’ என்று உருவகமாகவும் நாம் பேசுகிறோம்.

ஆனால் ஆங்கில வினையின் உருவகப் பொருள் எல்லாவற்றையும் இந்த இரண்டு சொற்களின் தலையில் கட்ட வேண்டாம். மனிதர்களைக் கூட்டமாகக் கொன்றால் அது படுகொலை. ஒருவன் பாட்டைக் கெடுத்தால் ‘பாட்டைக் கொலை பண்ணிட்டான்’. முடிதிருத்துபவர் கெடுத்தால் ‘தலையைக் குதறிட்டார்’. உருவகம் மொழிக்கு மொழி தன் வழியில் போகும். இங்கே அஃப்ரிகான்ஸ் மொழியில் கறிக்கடை ‘ஸ்லாக்ஹெய்ஸ்’. அந்த ‘ஸ்லாக்’ போரையும் குறிக்கும், 1838-இல் சூலு மக்களுக்கும் டச்சு வழிக் குடியேறிகளுக்கும் நடந்த இரத்த ஆற்றுப் போரின் பெயரிலும் அது இருக்கிறது. சூலு மொழியில் ‘ஹ்லாபா’ என்றால் குத்துவது. மாட்டை அறுப்பதற்கும் அதே சொல். ‘பட்சரி’ என்ற ஆங்கிலச் சொல்லை வெளியூர்க்காரர் கேட்டால் வெறியாட்டம் நினைவுக்கு வரும். எங்கள் ஊரில் அது தெருமுனைக் கறிக்கடையின் பெயர்ப்பலகை.

இன்னும் ஒன்று, இடத்தின் பெயர். சென்னையில் ஆட்டுத்தொட்டி என்பார்கள், அழகான சொல். இங்கே மாடும் பன்றியும் கோழியும் வருவதால் அது பொருந்தாது. ‘அறுப்புக்கூடம்’ என்று வரைவில் மாற்றியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மாலை அச்சுக்குப் போகிறது.