பழசைக் கொண்டு கட்டிய ரெசனேற்றர் கிற்றார்: உங்களுக்கு ஏதும் நடந்ததா?

வட்டக்கச்சியான்:

ரெசனேற்றர் என்றால், பெட்டிக்குள் மெல்லிய அலுமினியக் கூம்பு (கோன்) வைத்துச் சத்தம் கூட்டும் கிற்றார். அது தெரியாதவர்கள் இதைத் திறக்க மாட்டீர்கள் என்று நினைத்து நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையது பிஸ்கற் வகை, கூம்பின் உச்சியில் வட்ட மரத்துண்டு வைத்தது. பெட்டி, தேயிலைப் பெட்டிப் பலகை. கழுத்து முதிரை மரம், எங்கள் பழைய வீட்டு யன்னல் நிலை. 2010இல் திரும்பி வந்தபோது சுவர் விழுந்து நிலை மட்டும் நின்றது, அதில் ஒரு கால். கோனுக்கு மேல் மூடி, எரிந்துபோன மேசை ஃபானின் முன்வலை. கம்பி கொளுவும் வால், கதவுப் பிணைச்சல். சாவியும் கம்பியும் மட்டும் யாழ்ப்பாணத்தில் காசு கொடுத்து வாங்கியவை.

கோன்தான் இழுத்தடித்தது. சட்டி மூடி தடிப்பு. பிஸ்கற் பேணியில் வெட்டினால் பேணிச் சத்தம்தான் வரும். கடைசியில் கிளிநொச்சியில் பழைய இரும்பு எடுப்பவர் ஒருவரிடம் ஒரு கட்டு அச்சகத் தகடு கிடந்தது. ஆஃப்செற் தகடு, 0.3 மில்லிமீற்றர், அலுமினியம். கோழிக்கூட்டுக்கு அடிக்க வாங்கிப் போகிறார்களாம். இரண்டு எடுத்தேன். வட்டமாக வெட்டி, அதில் ஒரு ஆப்பு கழித்து, வளைத்துச் சேர்த்தால் கூம்பு. விட்டம் ஒன்பதரை அங்குலம். ஓரங்கள் கால் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விட்டு அரல்டைற் பூசினேன். எழுத்துப் பக்கம் வெளியே வந்தது தற்செயல். பார்க்க வடிவாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மூன்று கிழமைக்கு முன், பின்னேரம், படியில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அயலில் இருக்கும் ஐயா ஒருவர், எழுபது தாண்டியவர், மாடு தேடி வந்தார். "உதென்ன தம்பி, கிற்றாருக்கு ஃபான் பூட்டியிருக்கிறாய்?" என்று சிரித்துக்கொண்டு குனிந்தார். டோர்ச் அடித்தார். ஆஃப்செற் தகட்டில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்காது. தகட்டிலிருந்து ரப்பருக்குப் போய், ரப்பரிலிருந்துதான் தாளுக்கு வரும் என்பதால் தகட்டில் நேராகவே இருக்கும். ஐயா வலைக் கம்பிகளுக்கு இடையால் தலையைச் சாய்த்துச் சாய்த்து, கூம்பைச் சுற்றிப் போகும் வரியை உரத்து வாசித்தார்.

"...குளத்தைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சியை வதிவிடமாகவும் கொண்ட திருமதி..."

மரண அறிவித்தல். அதுவரை நான் அதை வாசிக்கவே இல்லை. ஒரு மாதம் அந்தத் தகட்டோடு மல்லுக்கட்டியவன், வாசிக்கவில்லை. பெயர் நான் கழித்த ஆப்போடு போய்விட்டது. ஊர்ப் பெயரின் முன்பாதி ஒட்டுக்குள் இருக்கிறது. வெளியே நிற்பது 'குளம்' மட்டும். வன்னியில் குளம் என்று முடியும் ஊரை எண்ணி முடிக்கலாமா? ஐயா எண்ணத் தொடங்கினார். "புளியங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம், வவுனிக்குளம்..." பாதியில் நிறுத்திவிட்டார். அப்புறம் செருப்பைக் கழற்றிப் படிக்கு ஓரமாக வைத்தார். "சரி, வாசி" என்றார்.

என்ன வாசித்தேன் என்று ஞாபகம் இல்லை. முடியும்வரை வெறுங்காலோடு நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த வழியே வீட்டுக்குப் போனார். மாட்டைத் தேடவில்லை.

அன்றிலிருந்து எடுத்தால் கை ஓடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கோ.

மாங்குளம் சந்தி:

எனக்கு எழுத்தில்லை, இரும்பு. எங்கள் காணியில் ஒரு பாலை மரம் பட்டு நின்றது. வெட்ட, ஏற்ற அனுமதி எடுத்த கதை தனி, அதை விடுவோம். அரியும் ஆலைக்குக் கொண்டுபோனேன். பாதி அரிபடும்போது கிணீர் என்று ஒரு சத்தம், கோயில் மணியை ஆணியால் தட்டியதுபோல. ஆலைக்காரர் மோட்டரை நிற்பாட்டினார். வாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "எந்தப் பக்கத்து மரம்?" சொன்னேன். "முதலே சொல்லியிருக்கலாமே, டிற்றெக்ரர் பிடிச்சுப் பார்த்திருப்பன்."

பெருவிரல் நகத்தளவு ஷெல் துண்டு. மரம் அதைச் சுற்றி மூடி வளர்ந்து, இரும்பு பட்ட இடமெல்லாம் மை ஊற்றியதுபோலக் கறுத்துக் கிடந்தது. ஆலைக்காரர் உளியால் தோண்டி எடுத்து என் சேர்ட் பொக்கற்றில் போட்டார். "வாளுக்குப் பாதிக் காசு தாரும். இது உம்மட சாமான்."

அந்தக் கறுப்பு இப்போது கழுத்தில் சரியாக ஏழாவது ஃப்ரெற்றில் இருக்கிறது. ஓட்டைக்கு வேப்பங்கட்டை அடித்து மட்டம் செய்துவிட்டேன். மடியில் வைத்து, கம்பிமேல் வழுக்கும் கட்டையான ஸ்லைட்டால் வாசிப்பவனுக்குக் கம்பி மட்டும்தான், கீழே என்ன மரம் இருந்தாலும் ஒன்றுதான். தெரியும். ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போது ஸ்லைட்டை ஒரு மயிரிழை தூக்குகிறேன்.

டைனமோ:

வட்டக்கச்சியான், கோபிக்க வேண்டாம். ஒட்டுப் போட்ட கூம்பு கோன் இல்லை, அது கச்சான் சுருள்.

இந்தக் கருவி ஏன் வந்தது என்று பாருங்கள். 1920கள், மின் கிற்றார் வராத காலம். இசைக்குழுவில் ஊதுகருவிகளுக்கு நடுவே கிற்றார் கேட்காது. ஜோர்ஜ் போஷாம் என்ற வாத்தியக்காரர் சத்தமான கிற்றார் ஒன்று வேண்டும் என்று லொஸ் ஏஞ்சலிஸில் ஜோன் டொப்பியேராவிடம் கேட்க, அவர் கம்பியின் அதிர்வை மெல்லிய அலுமினியக் கூம்புக்குக் கொடுத்துப் பார்த்தார். 1927இல் நஷனல் என்ற பெயரில் வந்ததில் 6 அங்குலக் கோன் மூன்று. பிறகு அவர் பிரிந்துபோய்ச் சகோதரர்களோடு சேர்ந்து டோப்ரோ தொடங்கினார். டொப்பியேரா பிரதர்ஸ் என்பதன் சுருக்கம், அவர்களுடைய ஸ்லொவாக் மொழியில் 'நல்லது' என்றும் பொருள். அதில் கோனைக் கவிழ்க்காமல் கிண்ணம்போல வைத்து, மேலே எட்டுக்கால் சிலந்திபோன்ற உலோகத் தாங்கி ஒன்றை நிறுத்தினார்கள். உங்களுடையது கவிழ்த்த கோன், உச்சியில் வட்ட மரத்துண்டு, அதுதான் பிஸ்கற். எந்த வகையானாலும் மின்சாரம் இல்லை. எங்கள் சனம் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்டதே, அதைவிடச் சுத்தமான வேலை.

இந்தக் கோன்கள் லேத்தில் அமுக்கி எடுத்தவை. மரத்தில் அச்சுக் கடைந்து, அலுமினிய வட்டத்தை அதில் பிடித்துச் சுழலவிட்டு, முனை மழுங்கிய தடியால் கொஞ்சம் கொஞ்சமாக அச்சோடு சாய்க்க வேண்டும். இரண்டு மூன்று தரம் சாய்த்ததும் தகடு முறுகிவிடும், அதற்குமேல் அமுக்கினால் வெடிக்கும். அப்போது இறக்கிச் சூடாக்கி இளக்க வேண்டும். அலுமினியம் சிவக்காது, எவ்வளவு சூடு என்று கண்ணுக்குத் தெரியாது, உருகிக் கொட்டினபிறகுதான் தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சன்லைட் சவர்க்காரத்தை ஈரமாகத் தடவி, கீழே இருந்து நெருப்புக் காட்டுங்கள். சவர்க்காரம் கறுத்தவுடன் எடுத்துவிடுங்கள், அந்தச் சூடு போதும். ஆறியதும் தகடு கடதாசிபோல மடியும். திரும்ப லேத்தில் பூட்டி வேலையைத் தொடருங்கள். ஒட்டு இல்லை, ஓட்டை இல்லை, ஒரு சுரத்துக்கு மட்டும் கிர்ர் என்று அடிக்கும் வியாதியும் இல்லை.

இன்னொன்று. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். அந்த இழுவை முழுவதும் கோனில் இறங்காது. பிஸ்கற்றைத் தாண்டி வாலுக்குக் கம்பி எவ்வளவு சரிந்து போகிறதோ அந்த அளவுதான் கோனை அமுக்கும். சரிவு குறைந்தால் சத்தம் செத்திருக்கும், கூடினால் கோன் சாகும். உங்கள் பிணைச்சல் என்ன உயரத்தில் அடித்திருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லை.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டுமாம். ஒரு நத்தாருக்கு மாதா கோயில் பிள்ளைகளோடு கரோலுக்குப் போனேன். மூன்றாவது வீட்டு முற்றத்தில் டப் என்று கோன் உள்ளே போய்விட்டது. பிள்ளைகள் பட்டாசு என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்த வீட்டு அம்மா மட்டும் மேசைக்குக் கீழே இருந்தார்.

தண்ணீரூற்று:

டைனமோ, கடைசி இரண்டு வரிக்கு அவ்வளவு முன்னுரையா?

ஆனால் ஒன்று. கம்பியில் கட்டையை வழுக்கி வாசிப்பது நமக்குப் புதுசில்லை. கோட்டுவாத்தியம் என்ற சித்திரவீணையை நம் வித்துவான்கள் கருங்காலிக் கட்டையால் வாசித்தார்கள். வடக்கே விஸ்வ மோகன் பட் கிற்றாரையே மாற்றி மோகன வீணை என்று வாசித்து 1994இல் கிராமி வாங்கினார். என்னுடைய ஸ்லைட்டும் கருங்காலி, ஒட்டுசுட்டான் தச்சர் ஒருவர் கழித்துப் போட்ட துண்டு. எஃகுக் கம்பிக்கு அது மெத்தென்று இருக்கும், கூர்ச் சத்தம் வராது. எனக்கு அது பிடிக்கும், பிடிக்காதவர்கள் இரும்பு போடுங்கள்.

எனக்கு நடந்தது வற்றாப்பளைப் பொங்கல் கழிந்த மறுநாள். கோயிலுக்கு வந்த நாதஸ்வரக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கிற்றார் சுவரில் சாத்தியிருந்தது, கம்பிகளை சட்ஜமம் பஞ்சமம் என்று கூட்டி வைத்திருந்தேன். அவர் என்ன சுருதி என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இடுப்பு மடியிலிருந்து சீவாளியை எடுத்து வாயில் ஈரமாக்கி, குழலில்லாமல் வெறும் சீவாளியில் ஒரு சுரம் பிடித்தார். ஒன்றுமில்லை. உதட்டை இறுக்கிச் சுரத்தைக் கொஞ்சம் ஏற்றினார். யாரும் தொடாத கிற்றார் ஹ்ம்ம் என்று முனகியது. சீவாளியை எடுத்த பிறகும் கோன் விடவில்லை. அவர் கையலம்ப எழுந்தவர் திரும்பி இருந்துவிட்டார். "இதை இரவில சாத்தி வையாதையும், மூடி வையும்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. மூடித்தான் வைக்கிறேன்.

விசுவமடு:

அலுமினியம் தேடிக் காடு மேடு போகிறவர்களுக்கு இது. நானும் போனேன். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பற்றைக்குள் வளைந்த தகடு மினுங்கியது, வாகனத்தின் எந்தப் பாகமோ. கால் வைக்கப் போக, "அண்ணை, நில்லுங்கோ!" என்று ஒரு குரல். கண்ணிவெடி எடுக்கும் பிள்ளை, முழங்காலில் இருந்தபடி முகக்கண்ணாடியை உயர்த்தினாள். "என்ன தேடுறியள்?" கிற்றாருக்குத் தகடு என்றேன். திரும்பிப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொன்னாள், அவள் அடுத்தவளுக்கு. வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிவப்புக் கட்டைக்கும் இடையில் ஒரு அடி இருந்தது. அந்தக் கட்டையை நான் பார்க்கவே இல்லை.

தகடு கடையில் வாங்குங்கள். இரும்புக்காரரிடம் எடுத்தாலும் தட்டையாக இருப்பதை மட்டும் எடுங்கள். குழாய்போல, கூர்போல, மூடியபடி இருக்கும் எதையும் மலிவு என்று வீட்டுக்குக் கொண்டுவந்து அரியவோ சூடுகாட்டவோ வேண்டாம். டைனமோ சவர்க்காரம் தடவி நெருப்புக் காட்டச் சொன்னது வெறும் தகட்டுக்கு, நினைவிருக்கட்டும்.

மல்லாவி, இப்ப ஸ்காபரோ:

எல்லோரும் தங்கள் கதையைச் சொல்லிவிட்டு, அறிவித்தலில் இருக்கும் அந்த அம்மாவை மறந்துவிட்டீர்கள். டைனமோ சொன்னபடி சூடாக்கியிருந்தால் எழுத்தே மிஞ்சியிருக்காது, யாருடைய அறிவித்தல் என்று ஐயாவும் கேட்டிருக்க மாட்டார். கச்சான் சுருள் என்றபடியால்தான் அந்த வரி நிற்கிறது.

வட்டக்கச்சியான், அரல்டைற் சூட்டுக்கு இளகும். ஹெயார் ட்ரையரை ஒட்டில் ஐந்து பத்து நிமிசம் பிடித்து, மெல்லிய பிளேட்டை நுழைத்துப் பாருங்கள். கால் அங்குலத்துக்குள் இரண்டு மூன்று எழுத்துத்தான் இருக்கும், ஊரைச் சொல்ல அது போதும். ஊரும் கிளிநொச்சி வதிவிடமும் தெரிந்தால் விசாரிக்கலாம். எங்கள் பெரியம்மாவும் ஒரு குளத்தாள்தான், ஆனால் அவ கிளிநொச்சியில் இருக்கவில்லை.

டைனமோ:

இளகும், ஆனால் பிரித்த தகடு திரும்ப அதே கூம்பாக வராது. புதுசாக ஒன்று வெட்ட வேண்டும். இரண்டாவது தகடு இருக்கிறதுதானே? லேத் வேலைக்கு நான் வருகிறேன், கழுவித் துடைத்த தகடாக எடுத்து வையுங்கள்.

வட்டக்கச்சியான்:

பிணைச்சல் பெட்டி மட்டத்தில் இருக்கிறது, டைனமோ. இரண்டாவது தகடு விளையாட்டுப் பக்கம், முழுக்க வாசித்துப் பார்த்துவிட்டேன், கிரிக்கெற்தான்.

சந்திச் சலூனில் ட்ரையர் இரவல் வாங்கிவந்து மூன்று நாளாயிற்று. கம்பியைத் தளர்த்தி, வலையைக் கழற்றி, கோனை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் ஒட்டின் விளிம்பில் 'கு'வுக்கு முன் ஒரு புள்ளி பாதி தெரிகிறது. மெய்யெழுத்து. வவுனிக்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், எல்லாவற்றிலும் அந்த இடத்தில் புள்ளிதான்.

ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினேன். நேற்று வந்தார். கோனைக் கையில் எடுக்கவில்லை, மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். ட்ரையரைப் பார்த்து இது என்ன என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.