பிளடிவுட் கேட்க ஆரம்பிக்கிறேன், எந்தப் பாட்டிலிருந்து போகலாம்?

மழைக்காலம்:
கல்லூரியில் படித்தபோது அமெரிக்க ராக் குழு லிங்கின் பார்க் என்றால் பைத்தியம். ராப்பும் கனமான கிதாரும் சேர்ந்து வந்தால் இன்றும் நின்று கேட்பேன். தங்கை இப்போது டெல்லியின் மெட்டல் குழுவான பிளடிவுட்டின் பாட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறாள். மெட்டல், நடுவில் ஆங்கில ராப், எலக்ட்ரானிக் பீட், போதாததற்குப் பஞ்சாபி டோல் மேளம். பிடித்திருக்கிறது, ஆனால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரைச்சலாகக் கேட்கிறது. இந்தியும் தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்? உள்ளே விஷயம் இருக்கிறதா?

மிக்ஸர்_மேசை:
இருக்கிறது நண்பரே, நிறையவே இருக்கிறது. கோயில் கச்சேரி, கல்லூரி விழா என்று ஒலி அமைப்பதுதான் என் தொழில். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டோலில் கனத்த ஒலி தரும் பக்கத்தை டக்கா என்ற வளைந்த குச்சியால் அடிப்பார்கள், மற்றதைத் தில்லி என்ற மெல்லிய குச்சியால். நம் தவிலில் தொப்பியும் வலந்தலையும் மாதிரி. போனில் டக்கா காணாமல் போய்விடும். தில்லியின் சடசடப்பு மட்டும்தான் மிஞ்சும். இரைச்சல் என்று உங்களுக்குத் தோன்றுவதில் பாதி அதனால்தான் இருக்கும்.

மெட்டலில் கனத்த ஒலிக்கு ஏற்கெனவே நெருக்கடி. கிக் டிரம், பேஸ், சுருதி இறக்கிய கிதார் எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. அதில் டோலையும் நுழைப்பது லேசான வேலை இல்லை. இவர்கள் கிதாரை இழுத்து வாசிக்காமல் வெட்டி வெட்டி நிறுத்துகிறார்கள். அந்த இடைவெளியில் டோல் பேசுகிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால் இது தெளிவாகப் பிடிபடும். கிதார், குழல், தயாரிப்பு எல்லாம் கரண் கட்டியார். அவர் காது மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பாலிவுட் பாட்டுகளை மெட்டலாக்கிக் கேலியாகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். 2018இல் ‘அரி அரி’ பாட்டில் ராவுல் கெர் ராப்போடு வந்த பிறகுதான் சொல்ல ஒரு சேதி கிடைத்தது. ஜெயந்த் படுலா இந்தியிலும் பஞ்சாபியிலும் அடிவயிற்றிலிருந்து கத்துவார், கெர் ஆங்கிலத்தில் வாதாடுவார். இந்தி தெரியாவிட்டாலும் கெர் பகுதியைப் பிடித்துக்கொண்டே பாட்டுக்குள் போய்விடலாம்.

‘ஜீ வீரே’யில் தொடங்குங்கள். மன அழுத்தத்தோடு போராடுகிறவர்களுக்கான பாட்டு. அதை வெளியிட்டபோது ரசிகர்களுக்கு இலவச மனநல ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்தார்கள். மெட்டல் குழு ஒன்று இப்படிச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சிதான். அப்புறம் ‘தனா தன்’. பாலியல் வன்முறைக்கு எதிரான கோபம் அது, கடுமையாகவே இருக்கும்.

சுருதிப்பெட்டி:
அண்ணா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் 2022இல் வந்த ‘ரக்‌ஷக்’ ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டால் சலிக்கிறது. குழல் வரும், டோல் வரும், எல்லாம் நின்று கிதார் இடிக்கும், கெர் வருவார். அடுத்த பாட்டிலும் ஏறக்குறைய அதே வரிசை. லிங்கின் பார்க்கில் டிஜே ஜோ ஹானின் எலக்ட்ரானிக் ஒலிகளை எடுத்துவிட்டால் பாட்டே நிற்காது. இவர்களிடம் எலக்ட்ரானிக் பகுதியை எடுத்தாலும் பாட்டு அப்படியே இருக்கும்.

மிக்ஸர்_மேசை:
வரிசை பற்றிச் சொன்னது சரிதான் தங்கச்சி. அந்த ஆல்பத்தை நானும் இரண்டிரண்டு பாட்டாகத்தான் கேட்பேன். எலக்ட்ரானிக் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். டோல் ஓய்கிற இடத்தில் அடியில் ஓடும் சிந்த்தை, அதாவது சிந்தசைசர் ஒலியை, கவனியுங்கள். அது இல்லாவிட்டால் கெர்ரின் குரல் அந்தரத்தில் நிற்கும். 2025இல் வந்த ‘நு டெல்லி’ ஆல்பத்தில் ஜப்பானியக் குழு பேபிமெட்டலோடு சேர்ந்த ‘பேக்காஃப்’ கேட்டீர்களா? அதில் சிந்த் முன்னாலேயே வந்து நிற்கிறது.

மழைக்காலம்:
இருவருக்கும் நன்றி. ஹெட்போனில் ‘ஜீ வீரே’ கேட்டேன், டக்கா நெஞ்சில் இடிக்கிறது! தங்கைக்கும் அனுப்பிவிட்டேன். மேடையில் இதெல்லாம் பதிவு செய்த ஒலியா, ஆள் வைத்தே வாசிக்கிறார்களா?

மிக்ஸர்_மேசை:
டோலுக்கென்று மேடையில் தனி ஆள் உண்டு. 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்த காணொளி யூடியூபில் இருக்கிறது, பாருங்கள். சிந்த் மாதிரியானவை பதிவிலிருந்து வரும். இந்த வகை இசையில் அது வழக்கம்தான்.