பழைய காருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது: பழைய பூச்சை முழுவதும் எடுக்க வேண்டுமா?

சாம்பல்நிறத்தான் (கேள்வி)

என்னிடம் உள்ள பழைய காரின் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் பானட்டிலும் கூரையிலும் கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) செதில் செதிலாக உரிந்துவிட்டது. பின்சக்கர வளைவுகளின் ஓரத்தில் துரு குமிழிட்டிருக்கிறது. கதவுகளில் பெயிண்ட் மங்கியிருந்தாலும் உறுதியாகவே ஒட்டியிருக்கிறது. கூரை வேய்ந்த நிறுத்துமிடமும் சிறிய கம்ப்ரசரும் இருப்பதால், அதே மெட்டாலிக் சாம்பல் நிறத்தை நானே அடிக்கலாம் என்று எண்ணுகிறேன். பழைய பூச்சை இரும்பு தெரியும் வரை எடுக்க வேண்டுமா, அல்லது தேய்த்துவிட்டு அதன் மேலேயே அடிக்கலாமா?

பட்டிக்காரர்

உறுதியாக ஒட்டியிருக்கும் பூச்சை எடுக்க வேண்டியதில்லை. புதிய பெயிண்டுக்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடைப்பது அரிது. ஆனால் அதன் தன்மையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பெயிண்டைக் கரைக்கும் லாக்கர் தின்னரில் நனைத்த துணியை, கண்ணில் படாத ஓரிடத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பூச்சு இளகினாலோ துணியில் நிறம் ஏறினாலோ, புதிய பெயிண்டின் கரைப்பான் பட்டதும் அது சுருங்கி எழும்பும் வாய்ப்பு உண்டு. அப்போது எடுத்துவிடுவதே நல்லது. உரியும் கிளியர் கோட்டை மட்டும் எந்த நிலையிலும் விட்டுவைக்கக் கூடாது. உரிந்த இடத்திற்கும் உரியாத இடத்திற்கும் இடையே விரலுக்குத் தட்டாத அளவு விளிம்பைச் சரித்துத் தேய்க்க வேண்டும்.

தேய்ப்பதற்கு முன்னரே சோப்பு நீரால் கழுவி, மெழுகையும் கிரீஸையும் நீக்கும் திரவத்தால் துடைத்துவிடுங்கள். பல காலமாகப் போட்ட பாலிஷில் உள்ள சிலிக்கான், உப்புத்தாளின் கீறல்களுக்குள் இறங்கிவிட்டால், புதிய பெயிண்ட் அந்த இடங்களில் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

சக்கர வளைவில் தெரியும் குமிழ் பெரும்பாலும் உட்புறத்திலிருந்து வந்த துருவாகத்தான் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறதென்றால், அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையின் மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு மூடினால் அது நெடுநாள் நிற்காது. தகடு கெட்டியாக இருந்தால் பளபளக்கும் இரும்பு வரை சுத்தம் செய்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமரை அன்றே அடித்துவிடுங்கள். பட்டியை அதன் மேல் போட்டு, 80, 180, 320 எண் உப்புத்தாள்களால் அந்த வரிசையில் உலர்வாகவே தேய்க்க வேண்டும். பட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால் அதில் நீர் ஊற்றித் தேய்ப்பது பின்னால் கொப்புளங்களுக்கு இடம் கொடுக்கும். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்கு, பிரைமரின் மேல் கறுப்பு பெயிண்டை மெல்லிய தூவலாக அடித்துவிட்டுக் கட்டை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு அழியாமல் எஞ்சும் இடம் பள்ளம்.

காற்றுக்குழல்

மேற்பரப்பு வேலையைப் பற்றி மேலே கூறியது அனைத்தும் சரியே. நான் தடுக்க விரும்புவது ஸ்ப்ரே கன்னை எடுக்கும் கட்டத்தைத்தான். ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது மூச்சுக்குழாயை ஒவ்வாமைக்கு ஆளாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூடத் தாக்கும். ஆபத்தான அளவில் இருக்கும்போதும் அதன் வாடை தெரியாமல் போகலாம் என்பதால், கரி வடிகட்டி பொருத்திய முகமூடி எப்போது செயலிழந்தது என்பதை மூக்கு உங்களுக்குச் சொல்லாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியே இதற்கு உரியது. திறந்த நிறுத்துமிடத்தில் அந்தப் புகை அக்கம்பக்கத்தாருக்கும் போகும்.

மேலும், மெட்டாலிக் நிறம் முதல்முறை அடிப்பவருக்கு ஏற்றதன்று. கன்னின் தூரமோ வேகமோ சற்று மாறினாலும் உலோகத் துகள்கள் வேறு விதமாகப் படிந்து, பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரியும்.

சாம்பல்நிறத்தான்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் கிளியர் கோட் தேவைப்படாத, ஒரே பூச்சில் முடியும் வெள்ளை நிறத்துக்கு மாறிவிட்டால் மூச்சுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் அல்லவா?

காற்றுக்குழல்

பட்டை விழும் சிக்கல் தீரும். மூச்சுச் சிக்கல் தீராது. இன்று கார்களுக்கு அடிக்கப்படும் ஒற்றைப் பூச்சு வகைகளில் பெரும்பாலானவற்றிலும் அதே ஹார்டனர்தான். ஹார்டனர் இல்லாத எனாமல் கிடைக்கும், ஆனால் அது மெதுவாகக் காய்வதால் தூசியை வாங்கிக்கொள்ளும். தவிர, நிறத்தை மாற்றினால் கதவின் உள்விளிம்புகள், டிக்கியின் ஓரங்கள், பானட்டின் அடிப்பகுதி எல்லாவற்றையும் அடிக்க வேண்டியிருக்கும். பல ஊர்களில் வாகனப் பதிவிலும் நிறத்தைத் திருத்த வேண்டும்.

என் யோசனை இது: உழைப்பில் மிகுதியானது தேய்ப்பதும் பட்டி பார்ப்பதும்தான், அவற்றை வீட்டில் செய்யுங்கள். நிறத்தையும் கிளியர் கோட்டையும் பூத் (பெயிண்ட் அடிப்பதற்கென்றே உள்ள மூடிய அறை) உள்ள பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

பட்டிக்காரர்

இதை நானும் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. எந்தப் பெயிண்ட் வகை அடிக்கப் போகிறார்கள் என்பதைப் பட்டறையில் முன்பே கேட்டு, அதற்குப் பொருந்தும் பிரைமரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் செய்த வேலைக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். பள்ளங்களை நிரப்பும் சர்ஃபேசர் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஆகவே அதை அடித்த வண்டியை மழையில் ஓட்டாதீர்கள், வாரக்கணக்கில் வெளியே நிறுத்தவும் வேண்டாம். கடைசித் தேய்ப்பை 600 எண் தாளோடு முடித்து, பம்பர், விளக்குகள், கதவு ரப்பர்கள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டே கொண்டு செல்லுங்கள். டேப் ஒட்டி மறைத்த ரப்பரின் ஓரத்தில்தான் பெயிண்ட் முதலில் உரியத் தொடங்கும்.