ஆறு வகுப்பு ஆகியும் கடிவாளம் கைக்கு வரவில்லை

கேள்வி:
நாற்பது வயதில் குதிரையேற்றம் பழகுகிறேன். நீண்ட கயிற்றை ஆசிரியை பிடித்துக்கொள்ள, குதிரை வட்டமடிக்கிறது. நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். “மூச்சை விடுங்கள்” என்பதுதான் பாடமே. இது சரியான முறைதானா?

பதில் 1:
சரிதான். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியிலும் புதியவர்களுக்கு மாதக்கணக்கில் இதேதான்; கடிவாளமும் கிடையாது, கால் வைக்கும் வளையமான அங்கவடியும் கிடையாது. தடுமாறும்போது கை தானாகக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும். வலி குதிரையின் வாய்க்கு.

பதில் 2:
ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கிற பிராணி அது. உங்கள் தொடை இறுகுவது தெரியாமலா இருக்கும்? நான் மூச்சை அடக்கினால் என் குதிரை தலையைத் தூக்கிவிடும், நடை குட்டையாகிவிடும். (கட்டணம் வீண் என்று நானும் புலம்பியவன்தான்.) ஒருநாள் மூச்சை முழுதாக விட்டு, முதுகை நிமிர்த்தி, இடுப்பின் அசைவை நிறுத்தினேன். கடிவாளத்தைத் தொடவே இல்லை, நின்றுவிட்டது.

கேட்டவர்:
என்னுடையது அடிக்கடி காதைப் பின்னால் திருப்புகிறதே, கோபமா?

பதில் 2:
பிடரியோடு ஒட்டிப் படுத்தால் கோபம். ஒரு காது மட்டும் லேசாகத் திரும்பினால் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்புறம், எந்தக் காது, எப்போது என்று ஆசிரியையிடமே கேளுங்கள். அவர் கீழே நின்று பார்ப்பது உங்களுக்கு மேலேயிருந்து தெரியாது.