ராமபாணப் பூச்சிகிட்டேர்ந்து மாத நாவல்களை எப்படிக் காப்பாத்துறது?

1980, 90கள்ல வந்த க்ரைம், குடும்ப நாவல் ஒரு 340 இருக்கு என்கிட்ட, பாதி அம்மா சேர்த்தது, மீதி திருவல்லிக்கேணி பாரதி சாலை பிளாட்பாரத்துல நான் பொறுக்கினது. வீடு சென்னையில, தரைத்தளம். நவம்பர் மழையில சுவர்ல ஓதம் ஏறுச்சு, அப்ப கண்டுக்கல. ஜனவரில நந்தனம் புத்தகக் கண்காட்சில வாங்கினத அடுக்கலாம்னு மர பீரோவத் திறந்தா, அட்டையிலேர்ந்து கடைசிப் பக்கம் வரை ஊசியால குத்துன மாதிரி நேரா ஓட்டை, தட்டுனா மாவா கொட்டுது. ஒண்ணுல கொலைகாரன் பேர் இருக்கற எடத்துலயே ஓட்டை, பூச்சிக்கும் ரசனை இருக்கு போல!

அந்துருண்டை போட்டேன், வேப்பிலை, வசம்பு வச்சேன், மூணு வாரத்துல திரும்பவும் மாவு. வெயில்ல காயப் போட்டா நியூஸ்பிரிண்ட் அப்பளமா நொறுங்குது, பின்னெல்லாம் வேற துருப்பிடிச்சுக் கெடக்கு. மருந்து ஸ்பிரே அடிச்சதுல ரெண்டு அட்டை கறையாயிடுச்சு, அதோட நிறுத்திட்டேன். புதுசா வாங்கினதெல்லாம் இப்ப கட்டிலுக்கு மேல, நான் ஓரமா படுத்துக்கறேன்.

பிளாஸ்டிக் கவர்ல காத்துப் புகாம கட்டி ஃப்ரீசர்ல வச்சா முட்டையும் சேர்ந்து சாகும்ங்கறாங்க. இவ்ளோ பழைய தாளுக்கு வீட்டு ஃப்ரீசர்ல இத செஞ்சு பாத்தவங்க யாராவது இருக்கீங்களா, எத்தன நாள் வச்சீங்க?