மின்னல் போட்ட பனியன்

வாட்ஸ்அப் குழு: முக்கூடல் பெரிய வீடு
புதன்கிழமை

மாலை 5:42
கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் பதினாறு. பிளக்ஸ் கடைக்காரர் ராத்திரி 8 மணிக்குள்ள போட்டோ அனுப்பச் சொல்லுதாரு. இருக்கதுலயே தெளிவானது இது ஒண்ணுதான்
கார்த்தி: [படம்]

செல்வி மதினி: சின்ன மாமா எப்படிச் சிரிச்ச முகமா இருக்காவ. இதையே போட்ருங்க

அம்பை அத்தை: சிரிப்பு இருக்கட்டும். நெஞ்சுல என்ன எழுதியிருக்கு. நடுவுல மின்னல் வேற

தூத்துக்குடி மாமா: [படம்: ரோசாப்பூ, இனிய மாலை வணக்கம்]

சுபா: மாமா. எந்தக் குரூப்புன்னு பாத்துப் போடுங்க

தூத்துக்குடி மாமா: மன்னிக்கணும். ரோட்டரிக்காரங்களுக்குப் போட்டது

செந்தில் அண்ணன்: அது கரண்ட் ஆபீஸ்ல குடுத்த பனியன் அத்தை. ஏசி டிசின்னு போட்டிருக்கும். லைன்மேன் எல்லாருக்கும் குடுத்தாவளாம்

குமார் அத்தான்: ஏல செந்திலு. 30 வருசமா இதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கியா

செந்தில் அண்ணன்: பொறவு?

குமார் அத்தான்: எங்கப்பா 1993ல துபாய்ல இருந்து வாங்கியாந்தது. மாமா லிஸ்ட் எழுதிக் குடுத்து, கடை கடையா ஏறி இறங்கி எடுத்தது

குமார் அத்தான்: ஏசி/டிசிங்கது ஆஸ்திரேலியாவுல ஒரு பாட்டுக்குழு. ஹார்டு ராக். மால்கம் யங், ஆங்கஸ் யங்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு 1973 நவம்பர்ல சிட்னியில ஆரம்பிச்சது. பொறந்தது ஸ்காட்லாந்து, கிளாஸ்கோ. எட்டுப் பிள்ளைல கடைசி ரெண்டு. 1963ல குடும்பத்தோட ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோயிட்டாங்க. குழுவுக்குப் பேரு குடுத்தது அக்கா மார்கரெட். தையல் மிஷின்ல ஏசி/டிசின்னு எழுதியிருந்ததைப் பாத்துச் சொன்னது. ரெண்டு கரண்ட்டுலயும் ஓடும்னு அர்த்தம். ஆங்கஸைப் பள்ளிக்கூட யூனிபார்ம் போட்டு மேடை ஏறச் சொன்னதும் அந்த அக்காதான். இப்ப அந்த ஆளுக்கு 70 தாண்டியாச்சு. இன்னும் அதே அரை நிக்கர்தான்

அம்பை அத்தை: எழுவது வயசுல நிக்கரா
அம்பை அத்தை: கோட்டி

அம்மா: மிஷின் கதை எனக்குத் தெரியும். என் மிஷினுக்கு மோட்டார் மாட்டுன அன்னைக்குச் சொன்னாவ

செல்வி மதினி: 🙏

மாலை 6:03
அம்பை அத்தை: கருப்பு பனியனோட பதினாறு போஸ்டரா? பாக்கவன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தாருன்னு நெனைப்பான். இல்லைன்னா கட்சிக்காரருன்னு

செந்தில் அண்ணன்: கடைக்காரர்ட்ட சொன்னா கம்ப்யூட்டர்ல வெள்ளைச் சட்டை மாட்டி விட்ருவாரு. போன மாசம் எங்க தெரு தாத்தாவுக்குக் கோட்டே மாட்டி விட்டாரு

சுபா: பாத்தேன். கழுத்து ஒரு பக்கம் கோட்டு ஒரு பக்கம்

குமார் அத்தான்: மாத்தாதீங்க. கருப்புக்குக் காரணம் இருக்கு, சொல்லுதேன்

செந்தில் அண்ணன்: சுருக்கமா அத்தான்

குமார் அத்தான்: சுருக்கமாத்தான். அவங்களுக்குப் பான் ஸ்காட்னு ஒரு பாடகர். 1974ல வந்து சேந்தாரு. அவரு இல்லைன்னா அந்தக் குழு சிட்னியைத் தாண்டியிருக்காது, இது என் அபிப்பிராயம். ஒரு பாட்டுக்கு ஸ்காட்லாந்து பேக்பைப் வேணும்னு ஆச்சு. இவரு சின்ன வயசுல பேக்பைப் கோஷ்டியில இருந்தவருன்னு கேட்டதும், பாட்டைப் பதிவு பண்ணுன, யங் வீட்டு இன்னொரு அண்ணன் ஜார்ஜ் ஊதச் சொல்லிட்டாரு. பாத்தா, இவரு அந்தக் கோஷ்டியில டிரம் அடிச்சவரு! பொறவு பைப்பை வாங்கிவச்சு ஊதிப் பழகுனாரு. 1976ல மெல்போர்ன்ல மெயின் ரோட்டுல லாரித் தட்டுல ஏறி நின்னு அந்தப் பாட்டை வாசிச்சிக்கிட்டே போனாங்க. நம்ம ஊர்க் கோயில் கொடையில சப்பரத்துக்கு முன்னால நையாண்டி மேளம் போகும்லா, அந்த மாதிரி, லாரி மேல

அம்பை அத்தை: மேளம்னதும் ஞாபகம் வருது. தவசுப்பிள்ளைக்கு எத்தனை இலைன்னு யாராவது சொன்னீங்களா

செல்வி மதினி: 150 சொல்லலாமா

தூத்துக்குடி மாமா: எங்க பக்கம் மட்டும் 40 பேர் வருவோம்

அம்பை அத்தை: கல்யாணத்துக்கே 25 பேர்தான் வந்திய

தூத்துக்குடி மாமா: அன்னைக்கு பஸ் ஸ்ட்ரைக். எத்தனை தடவை சொல்ல

கார்த்தி: 200ன்னு சொல்லிருவோம். அத்தை, பாயசம் ஒண்ணா ரெண்டா

அம்பை அத்தை: ஒண்ணு போதும். அவனுக்குச் சீனின்னாலே ஆகாது

குமார் அத்தான்: நான் முடிக்கல

சுபா: சொல்லுங்க அத்தான், நான் கேக்கேன்

குமார் அத்தான்: 1979ல அமெரிக்காவுல ஒரு ரெக்கார்டு நல்லா ஓடிட்டு. இனிமே ஏத்தம்தான்னு இருக்கையில, 1980 பிப்ரவரி 19. லண்டன்ல ராத்திரி குடிச்சிட்டு, கூட்டாளி கார்ல படுத்துத் தூங்கினவரு எந்திரிக்கல. 33 வயசு

அம்பை அத்தை: குடிகாரப் பயலுவ பாட்டையா அவன் கேட்டான்

குமார் அத்தான்: அம்மா, மாமா ஒரு சொட்டு தொட்டதில்ல

அம்பை அத்தை: நீ எனக்குச் சொல்லுதியா? அவன் என் தம்பி. நான் இடுப்புல தூக்கி வளத்த பிள்ள

குமார் அத்தான்: சரிம்மா
குமார் அத்தான்: குழுவைக் கலைச்சிருவோம்னுதான் அண்ணன் தம்பி நெனைச்சாங்க. நிறுத்தாதீங்கன்னு சொன்னது யாரு? செத்துப்போனவரைப் பெத்தவங்க. பொறவு நியூகாசில் பக்கத்துல இருந்து பிரையன் ஜான்சன்னு ஒருத்தரைக் கூட்டியாந்து, பஹாமாஸ்ல போய்ப் பதிவு பண்ணி, ஜூலை 25க்கு ரெக்கார்டு வெளிய வந்துட்டு. சாவுக்கும் அதுக்கும் அஞ்சு மாசம்தான். பேக் இன் பிளாக்னு பேரு. அட்டை முழுக்கக் கருப்பு, படமே கெடையாது. அது பான் ஸ்காட்டுக்குத் துக்கம். உலகத்துல 5 கோடி வித்திருக்கும்னு கணக்குச் சொல்லுதாங்க. ஊசியை வச்சதும் முதல்ல மணிச்சத்தம். அதுக்குன்னு ஒரு டன்னுல வெங்கல மணி வார்த்தாங்க, இங்கிலாந்துல. முதல்ல ஊர்க் கோபுரத்து மணியைத்தான் பதிவு பண்ணப் போனாங்க. அடிக்கிறப்பல்லாம் பறவை படபடன்னு கிளம்பி, அந்தச் சத்தமும் சேந்து விழுந்துட்டு

சுபா: நெல்லையப்பர் கோவில் புறா மாதிரி

செந்தில் அண்ணன்: மணி சித்தப்பாவுக்கு மணி

அம்பை அத்தை: நமக்குத் துக்கம்னா வெள்ளைதான்

மாலை 6:31
கார்த்தி: இன்னொரு விசயம். மச்சுல அப்பாவோட தகரப்பெட்டியைத் திறந்தேன். கேசட் ஒரு 60 இருக்கும். கிட்டாரும் இருக்கு. கம்பி எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, கட்டை நல்லாருக்கு. யாருக்காவது வேணுமா, இல்ல இங்கனயே கெடக்கட்டுமா

செந்தில் அண்ணன்: எங்க பையன் கீபோர்டு கிளாஸ் போறான். கிட்டாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். சும்மா சொன்னேன்

குமார் அத்தான்: அங்கயும் அப்படித்தான். 1988ல மால்கம் குடியை விடணும்னு ஒதுங்கினப்போ, அவரு இடத்துல நின்னு கிட்டார் வாசிச்சது இன்னொரு அண்ணன் மகன் ஸ்டீவி. 2014ல மறதி நோய் முத்தி மால்கம் ஓய்வெடுத்தப்போவும் அதே பையன்தான் வந்தான்

தூத்துக்குடி மாமா: கிட்டாரும் அண்ணன் மகனுக்கா. பத்திரத்துல எழுதுனது பத்தாதோ
தூத்துக்குடி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுபா: வாசிச்சிட்டோம் மாமா

செந்தில் அண்ணன்: பத்திரத்துல யாரு பேரு இருக்குன்னு தாலுகா ஆபீஸ்ல போய்ப் பாருங்க. எங்கப்பாவுக்குக் கெணத்தடி மட்டும்தான்

அம்மா: யாரும் ஒண்ணும் பேசாண்டாம். பதினாறு முடியட்டும்

செல்வி மதினி: என்னங்க, போனை வைங்க

தூத்துக்குடி மாமா: நான் கிட்டாரைத்தான் சொன்னேன்

கார்த்தி: பெரியப்பா பாத்துட்டாவ. நீல டிக் விழுந்திருக்கு

மாலை 6:50
அம்பை அத்தை: ரெண்டு பேரும் ஒண்ணா வாசிச்சதை உங்கள்ல யாரு பாத்திருக்கிய. அண்ணன் ஆர்மோனியம், மணி கிட்டார். சித்திரை வைகாசி வந்தா இவனுவ வீட்டுல தங்க மாட்டானுவ. இன்னைக்கு வீரவநல்லூர்னா நாளைக்குக் கடையம். காலையில வந்து திண்ணையில செத்தவன் மாதிரி தூங்குவானுவ

குமார் அத்தான்: நான் பாத்திருக்கேன். எனக்கு 9 வயசு. கடைசிக் கொடை 1989, சேரன்மகாதேவி பக்கம். சாமி பாட்டு முடிஞ்சு எம்ஜிஆர் பாட்டு போய்க்கிட்டு இருக்கு. நடுவுல மாமா தனியா எடுத்தாவ பாருங்க, கிட்டார்ல. ரெண்டு நிமிசம் இருக்கும். வில்லுப்பாட்டுக்காரங்க கூட எந்திரிச்சு வந்து பாத்தாங்க. அப்ப திடீர்னு சத்தம் நின்னுபோச்சு. திரும்பிப் பாத்தா பெரிய மாமா கையில வயர்

செந்தில் அண்ணன்: அத்தான் இப்ப எதுக்கு இது

குமார் அத்தான்: நடந்ததைத்தான சொல்லுதேன். அதுக்குப் பொறவு ஒரு மேடையில ரெண்டு பேரும் ஏறல. அங்கயும் 1983ல மால்கமோட சண்டை வந்து டிரம்மர் பில் ரட் போயிட்டாரு. 1994ல திரும்பக் கூப்பிட்டாங்க. 11 வருசம்தான். நம்ம வீட்டுல எத்தனை

அம்பை அத்தை: குமாரு போதும்

குமார் அத்தான்: ஒண்ணே ஒண்ணும்மா. மால்கம் மேடையில பின்னாலதான் நிப்பாரு. தம்பி முன்னால உருண்டு புரண்டு ஆடுவான், இவரு அசையாம நின்னு தாளத்தைப் பிடிச்சிக்கிடுவாரு. பாட்டு மறந்து போன நாள்லயும், தான் போட்ட பாட்டையே திரும்பப் படிச்சு வாசிச்சாரு. 2017 நவம்பர் 18ல போயிட்டாரு. ஜார்ஜ் போய் ஒரு மாசம்கூட ஆகல. அன்னைக்கு ராத்திரி மாமா எனக்குப் போன் பண்ணாவ. "ஏல, அண்ணன்காரன் போயிட்டாம்ல"ன்னாவ. நான் பேச வாயெடுக்கதுக்குள்ள வச்சிட்டாவ

இரவு 7:08
சுபா: பெரியப்பா டைப் பண்ணிட்டே இருக்காவ. அஞ்சு நிமிசமா

கார்த்தி: பிளக்ஸ்காரர் போன் அடிக்காரு. வெள்ளையா கருப்பா

செல்வி மதினி: பிளக்ஸுக்கு வெள்ளைச் சட்டை, வீட்டுல மாட்டுற படத்துக்கு இதுன்னா?

அம்பை அத்தை: அந்தப் பனியன் இப்ப எங்க

அம்மா: அடுப்படியில கரித்துணியா கெடக்கு. அவாளே கிழிச்சுத் தந்தாவ. மின்னல் இருந்த துண்டை மட்டும் வெட்டி மிஷின் டிராயர்ல போட்டு வச்சிருக்கேன்

பெரியப்பா: வயர நான் புடுங்கல. ஜெனரேட்டர் நின்னுட்டு. எங்க விட்டுருக்குன்னு பாக்க வயரை எடுத்தேன்

குமார் அத்தான்: பெரிய மாமா

அம்பை அத்தை: அண்ணா, இத்தனை வருசம் கழிச்சா இதைச் சொல்லுதிய

பெரியப்பா: அவன் கேக்கல

பெரியப்பா: ஊர்ல அத்தனை பேரும் நான்தான்னு சொன்னாவ. அவனும் நம்பிட்டான். சரி போன்னு விட்டுட்டேன்

தூத்துக்குடி மாமா: அத்தான், லைட் எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சுன்னுல்லா அப்பவே சொன்னாங்க

பெரியப்பா: லைட்டு கோயில் லைன்ல. செட்டுதான் ஜெனரேட்டர்

செந்தில் அண்ணன்: விடுங்கப்பா

கார்த்தி: பெரியப்பா, அந்தப் பெட்டியில ஒரு கேசட்டு. அப்பா கையெழுத்து. "1989 சே.மாதேவி கொடை, அண்ணன் ஆர்மோனியம்"னு எழுதியிருக்கு. சொல்லணுமான்னு யோசிச்சேன்

சுபா: 😳

குமார் அத்தான்: அது மாமாவோட டேப்லயே எடுத்தது. மேடைக்குக் கீழ நான்தான் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். பேட்டரி டேப். சத்தம் நின்ன பொறவும் அது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு

அம்பை அத்தை: அப்ப அவன் கேட்டிருப்பான்

யாரும் பதில் போடவில்லை.

இரவு 7:31
கார்த்தி: பிளக்ஸ்காரர்ட்ட நாளைக் காலையில தாரேன்னு சொல்லிட்டேன். 300 ரூவா கூடக் கேக்காரு

செல்வி மதினி: இலை 200தானே? தவசுப்பிள்ளை லைன்ல இருக்காரு

அம்பை அத்தை: 220 சொல்லு

பெரியப்பா: கார்த்தி, கேசட்ட நாளைக்குக் கொண்டா. பழைய பிலிப்ஸ் இங்க இருக்கு. வாரப்ப பேட்டரி 4 வாங்கிட்டு வா. பெருசு