இன்ஜின் பூட்டும்போது எந்த போல்ட்டுக்கு லாக்டைட், எதற்கு ஆயில்?

கேள்வி:
நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அலுமினிய பிளாக். ஹெட், கனெக்டிங் ராட், பிளைவீல் மூன்று போல்ட்டுக்கும் லாக்டைட் (திருகு மரையைப் பூட்டும் பசை) போடலாமா? ஆயில் தடவினால் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) மாறுமா?

பதில் 1:
மாறும் சார். டார்க் ரெஞ்சில் கொடுப்பதில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கடி உராய்விலும், 40 சதவீதம் மரையிலும் போய்விடும். மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. அதனால் உராய்வு கொஞ்சம் குறைந்தாலே இழுவை எகிறிவிடும். உலர் மரைக்குச் சொன்ன டார்க்கை ஆயில் போல்ட்டுக்குக் கொடுத்தால் போல்ட் நீளும், இல்லை அலுமினியத்தில் மரை பிடுங்கிக்கொண்டு வரும். மேனுவலில் 'ஆயில் தடவி' என்றிருந்தால் மரைக்கும் தலைக்கு அடியிலும் தடவுங்கள். தலைக்கடியை மறப்பவர்கள்தான் அதிகம்.

கனெக்டிங் ராட் போல்ட்டுக்கு லாக்டைட் வேண்டவே வேண்டாம். அங்கே இழுவையே பூட்டு. மேனுவல் சொல்லும் ஆயில் அல்லது மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த மசகு) போதும். பிளைவீலுக்குப் பல இன்ஜினில் லாக்டைட் உண்டு. சில க்ராங்க் ஷாஃப்ட்டில் பிளைவீல் போல்ட் துளை இன்ஜினுக்கு உள்ளே வரை திறந்திருக்கும், அங்கே ஆயில் கசிவையும் அதுவே அடைக்கும்.

பதில் 2:
ஹெட் போல்ட் துளையை முதலில் பாருங்கள். அடி மூடிய துளையில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே விரியவைத்துவிடும். டார்க் வந்த மாதிரி ரெஞ்ச் கிளிக் அடிக்கும், ஹெட் இறுகியிருக்காது. கம்ப்ரஸர் காற்றில் ஊதுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. துளை வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (கூலன்ட் ஓடும் வழி) திறந்தால் ஆயில் போதாது, மரை சீலன்ட் வேண்டும். டார்க்குக்குப் பின் டிகிரி கணக்கில் திருப்பும் போல்ட் என்றால், மேனுவல் மறுபடி போட அனுமதித்தால் தவிர, புதுசு போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. லாக்டைட்டில் நீலமா, சிவப்பா? எவ்வளவு போட வேண்டும்?

பதில் 1:
பின்னால் கழற்ற வேண்டியதற்கு நீலம், 243. சிவப்பு 271 போட்டால் கழற்றும்போது சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டிவரும், பக்கத்து ஆயில் சீல் தாங்காது. பழைய பசையை வயர் பிரஷ்ஷால் எடுத்து, பிரேக் கிளீனரில் கழுவி, உலரவிடுங்கள். மரை சேரும் இடத்தில் ஓரிரு சொட்டு போதும். அடி மூடிய துளையென்றால் துளைக்குள்ளும் விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று பசையை மேலே தள்ளிவிடும். இது காற்றில்லாத இடத்தில், உலோகம் பட்டால்தான் இறுகும். முழுதாக இறுக 24 மணி நேரம், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிடிக்க ஆரம்பித்தபின் டார்க் சரிபார்க்கிறேன் என்று திருப்பினால் பிடிப்பு உடையும். கழற்றி, சுத்தம் செய்து, புதிதாகத்தான் போட வேண்டும்.